தை மாசத்துல புள்ளைங்கள ஏரிக்கரைக்கும் கழிமுகத்துக்கும் கூட்டினு போறது எப்படி: வடசென்னை ஆளுங்களுக்கு

அரையாண்டு பரீட்சை முடியறதுக்கு முன்னாடியே ஸ்கூல்ல டூர் பேப்பர் குடுத்துடுவாங்க, தீம் பார்க் இல்லன்னா மால், கொஞ்சம் மனசு வெச்சா வேடந்தாங்கல். வேடந்தாங்கல் நல்ல எடந்தான், நான் இல்லன்னு சொல்லல, ஆனா வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை, திருவொற்றியூர் பக்கத்துல இருந்து பஸ் கெளம்பி ஊரையே குறுக்கால தாண்டி தாம்பரம் போறதுக்குள்ளயே பின் சீட்டுல ரெண்டு பேரு வாந்தி எடுத்திருப்பாங்க, போய் எறங்குறப்போ வெயில் ஏறியிருக்கும், பறவைங்க எல்லாம் தூரத்து மரத்துல வெள்ளப் புள்ளியா தெரியும், சார் விசில் அடிப்பாரு, முடிஞ்சது. அந்தப் பறவைங்கள்ல பாதிக்கு மேல நம்ம பக்கத்துக்கே வருது. ரெட்டேரி இருக்கு, எண்ணூர் கழிமுகம் இருக்கு, ஒரு நாள் ஒதுக்கினா பழவேற்காடு இருக்கு. ஸ்கூல் டீச்சருங்க, டியூஷன் எடுக்கிறவங்க, தெருவுல நாலு வீட்டுப் புள்ளைங்கள சேத்து கூட்டினு போலாம்னு நெனைக்கிற அம்மா அப்பாங்க, எல்லாருக்கும் சேத்துதான் இத எழுதுறேன்.

மொதல்ல தேதி. டிசம்பர் லீவுதான் எல்லாருக்கும் தோணும், ஆனா அப்ப வடகிழக்குப் பருவமழை இன்னும் முழுசா விட்டிருக்காது, மிக்ஜாம் புயல் வந்து நம்ம ஏரியா முழுக்க மிதந்ததே 2023 டிசம்பர் மொத வாரத்துலதான். மழைய விடுங்க, அப்ப ஏரி ரொம்பி கெடக்கும், ஏரி ரொம்பி இருந்தா பறவை கிட்ட வராது. எவ்ளோ நீட்டக் கால் இருந்தாலும் நின்னு மேயறதுக்கு ஒரு ஆழம் இருக்கு இல்லையா, அதுக்கு மேல தண்ணி இருந்தா வாத்தும் நாமக்கோழியும் நடு ஏரியில மிதக்கும், அவ்ளோதான். தண்ணி வத்தி ஓரத்துல சேறு தெரிய ஆரம்பிச்சாதான் உள்ளான் கூட்டம் எறங்கும், நாரைங்க கரைய ஒட்டி வரும். அதனால பொங்கல் முடிஞ்சு ஒரு வாரம் கழிச்சு ஆரம்பிச்சு பிப்ரவரி கடைசி வரைக்கும் வர்ற சனிக்கெழமைங்கதான் நமக்கு சரியான நாளு. மார்ச்ல வெயில் வந்துரும், வந்த பறவைங்க கெளம்பிடும், புள்ளைங்களுக்கும் பரீட்சை.

போகி அன்னிக்கும் அதுக்கு அடுத்த நாளும் கண்டிப்பா வேணாம், டயர் பொகையும் மூடுபனியும் சேந்து எதிர்ல நிக்கிற ஆளே தெரியாது, வீசிங் இருக்குற புள்ளைங்களுக்கு அது பெரிய பேஜாரு. அதே மாதிரி விடியக்காலைல நாலு மணிக்கு எழுப்பி இழுத்துனு போகவும் வேணாம், ஜனவரில சூரியன் வர்றதே ஆறரைக்குதான். ஏழு மணிக்கு எடத்துல இருந்தா போதும், ஒம்போதரைக்கு கெளம்பிடணும். ரெண்டரை மணி நேரத்துக்கு மேல புள்ளைங்க கவனிக்காது, பெரியவங்களே கவனிக்க மாட்டோம்.

எத்தன பேரு? இதுலதான் ஸ்கூல்காரங்களோட எனக்கு ஒத்தே போகாது. பஸ் காசு கட்டுப்படியாகணும்னு அறுவது பேரை ஏத்தினு போனா அது ஊர்வலம், ஏரிய சுத்தி ஒரு கிலோமீட்டருக்கு ஒண்ணும் இருக்காது. ஒரு தடவைக்கு இருவது பேரு, பத்து பேருக்கு ஒரு பெரியவங்க, அதுக்கு மேல எக்ஸ்ட்ராவா ஒருத்தர், யாருக்காவது கால் வழுக்கினா வயித்த வலிச்சா அவங்க அந்த ஒரு புள்ளைய மட்டும் பாத்துப்பாங்க. கிளாஸ்ல அறுவது பேரு இருந்தா மூணு சனிக்கெழம போங்க. ட்ரெயின்ல போறதால பஸ் வாடகை தலைவலி இல்ல, அதனால கூட்டம் சேக்க வேண்டிய அவசியமும் இல்ல.

ட்ரெயின்னு சொன்னேன் இல்ல, கும்மிடிப்பூண்டி லைன். கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், விம்கோ நகர், கத்திவாக்கம், எண்ணூர், இன்னும் மேல போனா மீஞ்சூர், பொன்னேரி. வண்டி நிக்கிறது கொஞ்ச நேரந்தான், அதனால எறங்குறப்போ ஒரு பெரியவங்க மொதல்ல எறங்கி பிளாட்பாரத்துல நிக்கணும், இன்னொருத்தர் கடைசியா எறங்கணும், எல்லாரும் ஒரே பொட்டில ரெண்டே வாசல்லதான் ஏறணும் எறங்கணும். இத கெளம்புறதுக்கு மொத நாளே கிளாஸ்ல பெஞ்ச போட்டு ஒரு தடவ நடிச்சு பாத்துடுங்க, புள்ளைங்களுக்கு அது ஒரு வெளையாட்டு மாதிரி இருக்கும், உங்களுக்கு ஸ்டேஷன்ல கத்துற வேலை மிச்சம்.

இப்ப பாத்ரூம் விஷயம். ஒரு வாரம் முன்னாடி நீங்க தனியா போய் எடத்த பாத்துட்டு வரணும், அப்ப பறவைய பாக்காதீங்க, பாத்ரூம் எங்க இருக்குன்னு பாருங்க. ஸ்டேஷன் டாய்லெட் பூட்டி இருக்கும், இல்லன்னா உள்ள கால் வெக்க முடியாது. பக்கத்துல இருக்குற ஸ்கூலு, கல்யாண மண்டபம், பெட்ரோல் பங்க், இல்லன்னா குப்பத்துல ஒரு வீடு, நேர்ல போய் ‘அக்கா, சனிக்கெழம காலைல இருவது புள்ளைங்களோட வர்றோம், கொஞ்சம் ஒத்தாச பண்ணுங்க’ன்னு கேட்டு வெச்சிடுங்க, நான் கேட்டு யாரும் முடியாதுன்னு சொன்னது கெடையாது. இத ஏற்பாடு பண்ணலன்னா என்னா ஆகும்னா, ஏழாவது எட்டாவது படிக்கிற பொண்ணுங்க காலைல இருந்து ஒரு சொட்டு தண்ணி குடிக்காம வரும், ஒம்போது மணி வெயில்ல தல சுத்தி உக்காந்துரும், நீங்க வெயிலாலன்னு நெனச்சுப்பீங்க.

துணி பத்தி ஒரு வார்த்த. தை மாசக் குளிர்னு அம்மாங்க ஸ்வெட்டர் போட்டு குல்லா மாட்டி அனுப்புவாங்க, நம்ம ஊரு குளிரு இருவது டிகிரி, எட்டு மணிக்கு மேல எல்லா ஸ்வெட்டரும் டீச்சர் கையிலதான் இருக்கும். முழுக்கை காட்டன் சட்ட, மங்கின கலரு, ஒரு தொப்பி, போதும். ஸ்போர்ட்ஸ் டே வெள்ள டீஷர்ட் வேணாம், அது அர கிலோமீட்டருக்கு பளீர்னு தெரியும். ரப்பர் செருப்பு சேத்துல மாட்டினு வார் பிச்சினு வந்துரும், பழைய கேன்வாஸ் ஷூ போட சொல்லுங்க. சாப்பாட்டுக்கு பொடி தடவின இட்லி, வாழப்பழம். சிப்ஸ் பாக்கெட்டு வேணாம், கடற்கரைல பிரிச்சீங்கன்னா பருந்து வந்து கையில இருந்தே புடுங்கினு போயிடும், கீறல் வேற.

எடத்துக்கு வரேன். அஞ்சாவதுக்கு கீழ படிக்கிற சின்னப் புள்ளைங்கன்னா ரெட்டேரி போதும். மாதவரம், கொளத்தூர், பெரம்பூர் பக்கம் இருக்கறவங்களுக்கு ஷேர் ஆட்டோ தூரந்தான். கரை மேலயே நின்னு பாக்கலாம், எறங்கவே வேணாம். ஆகாயத்தாமர மேல இலைக்கோழி நடக்கும், அதோட கால் விரல் ஒவ்வொண்ணும் அதோட தலைய விட நீட்டமா இருக்கும், ஒடம்பு வெயிட்ட விரிச்சு வெச்சு நடக்கறதாலதான் இல மூழ்கறது இல்ல. நீலத் தாழக்கோழின்னு ஒண்ணு, ஊதா கலர் ஒடம்பு, செவப்பு மூக்கு, கோரத் தண்ட ஒத்தக் கால்ல புடிச்சு தூக்கி வாய்ல வெச்சு திங்கும், ஒரு தடவ அத பாத்துட்டா புள்ளைங்க அத விட்டு நவுராது. அப்புறம் முக்குளிப்பான், புறாவ விட சின்ன சைஸ்ல ஒரு பறவ, டபக்குனு முங்கி வேற எங்கயோ எந்திரிக்கும். எங்க எந்திரிக்கும்னு ஆளுக்கு ஒரு எடத்த கையால காட்ட சொல்லுங்க, எத்தன செகண்டுன்னு மனசுக்குள்ள எண்ண சொல்லுங்க, இருவது பேரும் வாய மூடினு தண்ணியவே பாப்பாங்க. அமைதியா இருங்கன்னு நீங்க பத்து தடவ கத்தறத விட இது மேல்.

ஆறாவதுக்கு மேல இருந்தா எண்ணூர். எண்ணூர் ஸ்டேஷன்ல எறங்கி ஷேர் ஆட்டோல நெட்டுக்குப்பம், தாழங்குப்பம், முகத்துவாரக்குப்பம் பக்கம் போயிடலாம், கொசஸ்தலை ஆறு கடல்ல சேர்ற எடம். போறதுக்கு முன்னாடி வத்தம் எப்போன்னு மீன் புடிக்கிற அண்ணன் யாரயாவது கேட்டுக்குங்க, தண்ணி எறங்கி சேறு தெரியற நேரந்தான் நமக்கு வேணும். இன்னிக்கு ஏழு மணிக்கு வத்தம்னா நாளைக்கு முக்கா மணி நேரம் தள்ளிப் போயிடும், அதனால போன வாரம் பாத்த நேரத்த வெச்சு இந்த வாரம் போகாதீங்க.

அங்க போன ஒடனே புள்ளைங்க ஒண்ணுமே இல்லயேன்னுதான் சொல்லும். சேறு, ஓட்ட ஓட்டயா கெடக்கும், அவ்ளோதான். ஓரமா காய்ஞ்ச எடமா பாத்து எல்லாரையும் உக்கார வெச்சிடுங்க, ஆளுக்கு ரெண்டு அடி தள்ளி, பத்து நிமிஷம் ஆடாம. நாலஞ்சு நிமிஷம் கழிச்சு ஒரு ஓட்டைல இருந்து கண்ணு மட்டும் எட்டிப் பாக்கும், அப்புறம் ஒடம்பு, பாத்துனே இருக்கறப்போ சேறு முழுக்க நண்டா ஆயிடும், சின்னச் சின்ன நண்டு, கட்டவிரல் நகத்தளவு. கிட்ட பாத்தா செலதுக்கு ஒரு பக்கத்து கொடுக்கு மட்டும் ஒடம்பளவுக்கு பெருசா இருக்கும், அது ஆம்பள, அந்தக் கொடுக்க தூக்கித் தூக்கி ஆட்டும், பொம்பள நண்ட கூப்புட்றதுக்கு. ஆனா அந்தப் பெரிய கொடுக்கால சாப்ட முடியாது, சின்ன கொடுக்கு ஒண்ண வெச்சுதான் சேத்த அள்ளி அள்ளி வாய்ல வெச்சு, அதுல இருக்குற பாசிய மட்டும் தின்னுட்டு மிச்சத்த உருண்டயா கீழ போடும். பொம்பள நண்டுக்கு ரெண்டு கொடுக்கும் சின்னது, ரெண்டாலயும் சாப்டும். எது வேகமா சாப்டுதுன்னு பாருங்கன்னு மட்டும் சொல்லி விட்ருங்க, பதில நீங்க சொல்லாதீங்க, அதுங்களே கண்டுபுடிக்கும். ஒரு கை ஆட்டினா போதும், எல்லாம் ஒரே செகண்டுல உள்ள போயிடும், ஆட்டின ஆள மத்த பத்தொம்போது பேரும் பாத்துப்பாங்க.

கழிமுகத்துல அலையாத்தி மரம் இருக்கும், சேத்துல இருந்து பென்சில் பென்சிலா வேரு மேல நீட்டினு இருக்கும், சேத்துக்குள்ள காத்து கெடைக்காததால மூச்சு விட்றதுக்கு மேல வர்ற வேரு அது. மிதிக்க வேணாம்னு சொல்லிடுங்க. எடுப்பா தெரியற பறவ ஒண்ணு பவளக்கால் உள்ளான், கறுப்பு வெள்ள, ரோஸ் கலர்ல குச்சிக் காலு, முட்டி பின்னாடி மடங்குதேன்னு எவனாவது ஒருத்தன் கேப்பான். அது முட்டி இல்ல, நம்ம கணுக்கால் மாதிரி, முட்டி மேல எறகுக்குள்ள இருக்கு.

கடல் பக்கம் கடற்காகம் கூட்டமா ஒக்காந்திருக்கும், இதுங்க லடாக், திபெத் பக்கத்து மேட்டு ஏரிங்கள்ல முட்ட வெச்சுட்டு குளிருக்கு இங்க எறங்குறது. புத்தகத்துல பேரு பழுப்புத்தல கடற்காகம்னு இருக்கும், இங்க பாத்தா தல வெள்ளையா இருக்கும், கண்ணுக்குப் பின்னாடி மட்டும் மை தடவுன மாதிரி ஒரு கறுப்பு. புள்ளைங்க உங்கள நம்பாது. குளிர் காலத்துல அந்தப் பழுப்பு கொட்டிடும், மார்ச் வாக்குல திரும்ப வரும். இலைக்கோழியும் அப்படித்தான், நீளவால் இலைக்கோழின்னு போட்டு வால் நீட்டமா படம் போட்டிருப்பாங்க, இப்ப அதுக்கு அந்த வாலே இருக்காது, அது குஞ்சு பொரிக்கிற காலத்துக்கு மட்டுந்தான். அதனால படம் போட்ட சார்ட்ட கையில குடுத்து டிக் அடிக்க சொல்ற வேலைய விட்டுடுங்க, அதுல புள்ளைங்க சார்ட்டதான் பாக்கும். நோட்ட பாதியா கிழிச்சு, பென்சில நூல்ல கட்டி கழுத்துல மாட்டி விடுங்க. மூணு பறவ போதும், அது என்ன பண்ணுதுன்னு எழுதணும், பேரு தெரியலன்னா ‘குட்ட மூக்கு, வால ஆட்டுது’ன்னு எழுதினா போதும். பேரு வீட்டுக்கு வந்து போன்ல பாத்துக்கலாம், மெர்லின்னு ஒரு ஆப் இருக்கு, காசு கெடையாது, போட்டோ குடுத்தாலும் சத்தத்த பதிவு பண்ணி குடுத்தாலும் சொல்லும். ஆனா பறவ சத்தத்த போன்ல போட்டு அத கூப்புட்ற வேல வேணாம், அது பாவம், எதிரி வந்துட்டான்னு நெனச்சு அலையும்.

பைனாகுலர் ரெண்டு இருந்தா போதும், 8x42ன்னு போட்டிருக்கும், அத யார் கிட்டயாவது எரவல் வாங்குங்க. பொம்மக் கடைல விக்கறது ஒண்ணுக்கும் ஒதவாது. வார கழுத்துல மாட்டாம யாருக்கும் குடுக்காதீங்க, சூரியன் பக்கம் திருப்பக் கூடாதுன்னு மொதல்லயே சொல்லிடுங்க.

எண்ணூர்ல புள்ளைங்க கண்டிப்பா கேக்கும், ஏன் மிஸ் சேறு சாம்பக் கலர்ல இருக்கு, ஏன் நாத்தம் அடிக்குதுன்னு. எதிர்லயே அனல் மின் நிலையத்து சிம்னி தெரியும், அவங்கள்ல சில பேரோட அப்பா அங்கதான் வேல பாப்பாரு. மறைக்காம சொல்லுங்க, கரி எரிச்ச சாம்பல் ஆத்துல சேந்துருக்கு, 2023 டிசம்பர் வெள்ளத்துல எண்ண கலந்து வந்து கூழைக்கடாங்க எறகெல்லாம் கறுப்பா ஒட்டினு கெடந்தது, மீன் புடிக்கிறவங்க பல நாள் தொழிலுக்குப் போக முடியல. சொல்லிட்டு நிறுத்திடுங்க, பிரசங்கம் வேணாம். குப்ப பொறுக்குற ப்ரோக்ராம் வெச்சு போட்டோ எடுக்கவும் வேணாம், அங்க சேத்துல கண்ணாடியும் ஊசியும் கெடக்கும், அது பெரியவங்க கிளவுஸ் போட்டுனு செய்யற வேல. அதுக்கு பதில் கையால எறா தடவிப் புடிக்கிற ஒரு அக்காவோ அண்ணனோ கிட்ட அர மணி நேரம் பேச சொல்லுங்க, அவங்களுக்கு அது வேல நேரம், அதனால அதுக்கு காசு குடுங்க, மொதல்லயே பேசிடுங்க.

அதே 2023 டிசம்பர் கடைசில ராத்திரி அமோனியா கசிஞ்சு எண்ணூர் ஜனங்க வீட்ட விட்டு ஓடினாங்க, ஞாபகம் இருக்கும். கண்ணு எரியற மாதிரி காரமா வாட வந்தா யோசிக்காதீங்க, ஈரத் துணிய மூக்குல வெச்சுனு, காத்து அடிக்கிற தெசைக்கு குறுக்கால நடந்து வெளிய வந்துடுங்க, மிச்சத்த இன்னொரு நாள் பாத்துக்கலாம்.

இன்னொண்ணு, கரைல ஆம செத்து ஒதுங்கி கெடக்கலாம், ஜனவரில இருந்து அதுங்க முட்ட வெக்க வர்ற சீசன். 2025 ஜனவரில சென்னைக் கரையோரம் நூத்துக்கணக்குல ஒதுங்குச்சு. ஆமைக்கு மூச்சு விட மேல வந்தாகணும், வலைல மாட்டி ரொம்ப நேரம் உள்ளயே இருந்தா மூச்சு முட்டி செத்துடும், இத மொத நாளே சொல்லி வெச்சிடுங்க. பாத்த ஒடனே அழுவற புள்ளையும் இருக்கும், குச்சியால குத்தப் பாக்குற புள்ளையும் இருக்கும். யாரும் தொட வேணாம், நாய் சுத்தினு இருக்கும், ஓட வேணாம்.

பழவேற்காடு ஒரு முழு நாள் வேல. பொன்னேரி வரைக்கும் ட்ரெயின், அங்கேருந்து பஸ்சு. ஒடிசாவுல இருக்குற சிலிக்கா ஏரிக்கு அப்புறம் நாட்டுலயே பெரிய உப்பங்கழி இதுதான். பூநாரை வர்றதும் தண்ணிய பொறுத்துதான், ஆழம் கொறஞ்ச வருஷம் கிட்ட வரும், இல்லன்னா ஆந்திரா பக்கம் ஒதுங்கிடும், அதனால புள்ளைங்க கிட்ட பூநாரை காட்றேன்னு சத்தியம் பண்ணாதீங்க. வந்துதுன்னா ஒண்ண மட்டும் கவனிக்க சொல்லுங்க, தலைய தலகீழா கவுத்து மூக்க தண்ணில வெச்சு சலிச்சு சாப்டும். கூட்டத்துல அழுக்கு சாம்பக் கலர்ல இருக்கறது போன வருஷத்துக் குட்டிங்க. மதியத்துல டச்சுக்காரங்க கல்லறைய பாத்துட்டு வரலாம், வாசல்ல எலும்புக்கூடு செதுக்கி இருக்கும், பசங்களுக்கு பூநாரைய விட அதுதான் புடிக்கும்.

அங்க படகுல போலாமான்னு கேப்பாங்க, யாராவது நானூறு ஐநூறு குடு கூட்டினு போறேன்னும் சொல்லுவாங்க. வேணாம். 2011 கிறிஸ்துமஸ் அன்னிக்கு அங்க படகு கவுந்து 22 பேரு செத்தாங்க, சுத்திப் பாக்க வந்த குடும்பங்க. எண்ணூர், பழவேற்காடு எங்கயும் முகத்துவாரத்துல முட்டி ஆழத்துல கூட எறங்க விடாதீங்க, மேல அமைதியா தெரியும், அடில இழுப்பு இருக்கும், மண்ணு தெனம் எடம் மாறும்.

பர்மிஷன் லெட்டர்ல அப்பா அம்மா கையெழுத்தோட, வீசிங், வலிப்பு, மாத்திர விவரம், ரெண்டு போன் நம்பர் கண்டிப்பா வாங்குங்க. இன்ஹேலர் புள்ள பையில இல்ல, உங்க பையில இருக்கணும்.

எங்கயுமே போக முடியல, ஹெச்.எம். ஒத்துக்கலன்னா ஸ்கூல் வாசல்ல ஒரு வாதா மரம் இருக்கும், இல்லன்னா பக்கத்து தெருவுல இருக்கும். தை மாசத்துல அது இல எல்லாம் செவப்பாகி கொட்டும். பசேல்னு இருக்கற இலைல இருந்து முழு செவப்பு வரைக்கும் கீழ விழுந்தத பொறுக்கி வரிசையா அடுக்க சொல்லுங்க, ஒரு பீரியட் போயிடும். கரண்ட் கம்பில தகைவிலான் வரிசையா ஒக்காந்திருந்தா எண்ண சொல்லுங்க. பொங்கல் நாலு நாளும் தமிழ்நாடு முழுக்க பறவ எண்ணுவாங்க, 2015ல இருந்து நடக்குது, பிப்ரவரி நடுவுல ஒலகம் முழுக்க வீட்டுப் பக்கத்துப் பறவ கணக்கெடுப்பு ஒண்ணு இருக்கு, ஸ்கூல் காம்பஸ் உள்ளயே எண்ணி ஈபேர்ட்னு பறவ கணக்கு பதியற வெப்சைட்ல ஏத்தலாம், கால் மணி நேரம் ஒரே எடத்துல நின்னு எண்ணினாலே போதும், காக்கா புறாவும் கணக்குதான்.

திரும்பி வர்றப்போ பத்து மணி ட்ரெயின்ல கூட்டம் கம்மியா இருக்கும். ஏர்றதுக்கு முன்னாடி ஒரு தடவ, ஏறினதும் ஒரு தடவ, எறங்கினதும் ஒரு தடவ தல எண்ணுங்க, வீட்டுக்கு விட்றப்போ யார் கையில ஒப்படைச்சீங்கன்னு பேருக்கு நேரா டைம் போட்டு எழுதிக்குங்க. கை கால் சேத்த ஸ்கூல் கொழாய்லயே சோப்பு போட்டு கழுவ விட்டு அனுப்புங்க, ஷூவ உள்ள கொண்டு வராதன்னு வீட்ல அம்மா திட்டினா அடுத்த சனிக்கெழம அந்தப் புள்ள வராது.